தொழிற்பேட்டையில் நடந்து போகிறவர்களுக்கு வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை ஷிப்ட் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது ஒரு தொழிற்பேட்டைச் சாலையில் போய் நின்று பாருங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் சாலையோர மண்ணில் ஒருவர் பின் ஒருவராக நடந்துகொண்டிருப்பார்கள். பக்கத்தில் கன்டெய்னர் லாரி கடக்கும்போதெல்லாம் வரிசை முழுவதும் ஒருமுறை மதிலோரம் ஒதுங்கி, பிறகு மறுபடியும் நகரும். அந்த வரிசைக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொழிற்சாலை நிர்வாகிகள், தொழிற்சங்கத்தினர், சாலைப் பொறியாளர்கள், நடந்தே வேலைக்குப் போகிறவர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தொழிற்பேட்டையில் யார் நடக்கிறார்கள்? எல்லோரும் வண்டியில்தானே வருகிறார்கள்?

ஏறக்குறைய ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். இதற்குச் சரியான பதில் கிடைக்காவிட்டால் மற்ற எதுவும் நடக்காது.

ஒருமுறை நான்கு தடச் சாலை ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். “இங்கே நடப்பவர்களே இல்லை, அதனால்தான் நடைபாதை போடவில்லை” என்று என்னிடம் சொன்னார்கள். சாலையோரப் புல்லில் ஓர் ஒற்றையடிப் பாதை ஓடியது. இரண்டு சாண் அகலம்தான் இருக்கும். மண் இறுகிப் பளபளத்தது. விளக்குக் கம்பம் வந்த இடத்தில் பாதை அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. வடிகால் குறுக்கிட்ட இடத்தில் யாரோ உடைந்த சிமென்ட் பலகை ஒன்றைப் போட்டுப் பாலமாக்கியிருந்தார்கள். வேலியில் கம்பி வளைந்திருந்த ஓர் இடைவெளியில் அந்தப் பாதை முடிந்தது. அந்த வேலிக்கு அப்பால்தான் பஸ் நிறுத்தம். புல் முளைக்க விடாமல் ஒரு பாதை நிலைக்க வேண்டுமானால் அதில் நாள்தோறும் எத்தனை கால்கள் படவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள், பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் ஆகியோரில் சொந்த வண்டி இல்லாதவர்கள் நிறையப் பேர். வண்டியில் வருகிறவர்களும் நிறுத்துமிடத்திலிருந்து கேட் வரை நடந்துதான் ஆகவேண்டும். சரக்கு இறக்கக் காத்திருக்கும் லாரி ஓட்டுநர்கூட சாப்பிடவோ கழிப்பறைக்கோ போக வண்டியை விட்டு இறங்கி நடக்கிறார். நடப்பவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். இல்லாதது பாதை மட்டும்தான்.

தொழிற்பேட்டைகள் ஏன் இப்படி அமைந்தன?

ஆதியில் இப்படி இல்லை. இங்கிலாந்தில் டைட்டஸ் சால்ட் கட்டிய சால்டேர் ஆலை 1853இல் திறக்கப்பட்டபோது, தொழிலாளர் குடியிருப்பும் அதை ஒட்டியே எழுந்தது. வீட்டிலிருந்து ஆலைக்கு நடைதூரம்தான். திட்டமிட்டு உருவாக்கப்பட்ட முதல் தொழிற்பேட்டை என்று பொதுவாகச் சொல்லப்படும் மான்செஸ்டரின் டிராஃபோர்டு பார்க் 1896இல் தொடங்கியது. அதற்குள்ளேயும் தொழிலாளர்களுக்கென ஒரு கிராமம் இருந்தது.

பிறகு புகை, சத்தம், கழிவு ஆகியவற்றிலிருந்து வீடுகளைக் காக்க, தொழிலையும் குடியிருப்பையும் பிரித்து வைக்கும் சட்டங்கள் வந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் யூக்ளிட் வழக்கில் அப்படிப்பட்ட மண்டலப் பிரிவினை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த நோக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டை அப்புறப்படுத்தியவர்கள் அதோடு நடைபாதையையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். தொழிற்பேட்டை வரைபடங்களில் அளவுகோல் லாரியாயிற்று. அதன் திருப்பம், அதன் உயரம், அதன் எடை ஆகியவையே எல்லாவற்றையும் தீர்மானித்தன.

நிலைமையைச் சரிசெய்ய எங்கிருந்து தொடங்குவது?

நடந்து பார்ப்பதிலிருந்து. காரில் சுற்றிப் பார்த்துவிட்டுத் திட்டம் போடக் கூடாது. ஷிப்ட் மாறும் நேரத்தில், பஸ் நிறுத்தத்தில் இறங்கும் ஒரு தொழிலாளியோடு அவருடைய கேட் வரை நடந்து போங்கள். அதே வழியில் இரவு ஷிப்ட் முடியும்போது ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே சாலையில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது, எங்கே அவர் தன்னையறியாமல் வேகமாக நடக்கிறார் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் வேகத்தைக் கூட்டும் இடம், அவர் பயப்படும் இடம்.

பிறகு எண்ணிக்கை. தொழிற்பேட்டையில் நாள் முழுவதற்குமான சராசரி எதையும் சொல்லாது. இருபது நிமிடம் கூட்டம் அலைமோதும், அடுத்த மூன்று மணி நேரம் ஆளே இருக்க மாட்டார்கள். முற்பகல் 11 மணிக்கு எண்ணிவிட்டு “நடப்பவர் இல்லை” என்று எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். ஷிப்ட் நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ண வேண்டும்.

ஒற்றையடிப் பாதைகளையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். மக்கள் எந்த வழியில் போக விரும்புகிறார்கள் என்பதை எந்தக் கருத்துக்கணிப்பைவிடவும் தெளிவாக அவை காட்டும்.

நடைபாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் தடையின்றிக் கடக்க 1.8 மீட்டர் வேண்டும். இதைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளலாம். ஷிப்ட் நேரத்துக்கு இது போதாது. ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 30 பேர் நெருக்கடியில்லாமல் நடக்க முடியும். ஒரு கேட்டிலிருந்து 15 நிமிடத்தில் 1,200 பேர் வெளியே வருகிறார்கள் என்றால் நிமிடத்துக்கு 80 பேர். அவர்களுக்கு 2.7 மீட்டராவது தேவை. அந்த அகலத்துக்குள் கம்பமும் மின்பெட்டியும் பெயர்ப்பலகையும் நிற்கக் கூடாது. காகிதத்தில் 2 மீட்டர் என்றிருந்து, நடுவில் ஒரு கம்பம் நின்றால் அது 80 சென்டிமீட்டர் பாதைதான்.

சாலைக்கும் நடைபாதைக்கும் இடையில் மரமோ செடியோ வைத்த ஒரு பட்டை அவசியம் என்பது என் உறுதியான கருத்து. பெரிய லாரி வேகமாகக் கடக்கும்போது வரும் காற்றின் அடியை உடலில் வாங்கியவர்களுக்கு அந்தப் பட்டையின் அருமை தெரியும்.

வேகத்தைக் குறைக்கச் சொன்னால் சரக்குப் போக்குவரத்து பாதிக்காதா?

ஒரு தொழிற்பேட்டைக்குள் லாரி ஓடும் தூரம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு கிலோமீட்டரை 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 2 நிமிடம் 24 விநாடி ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் 4 நிமிடம். வித்தியாசம் இரண்டு நிமிடம்கூட இல்லை. சரக்கு இறக்கும் மேடையில் லாரிகள் மணிக்கணக்கில் காத்திருக்கும்போது இந்த இரண்டு நிமிடத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமாக இல்லை.

எதிர்த்தட்டில் இருப்பது உயிர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஓட்டுநர், ஆளைப் பார்த்ததும் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டால் அதற்குள் வண்டி ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், காய்ந்த சாலையில், அந்தத் தூரத்துக்குள் முழுவதுமாக நின்றே விடும். ஒன்று நின்றுவிட்ட இடத்தில் மற்றொன்று பிரேக்கே பிடிக்காமல் மோதுகிறது. மோதும் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 30க்கும் 50க்கும் இடையே அது 2.8 மடங்காகிவிடுகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான அபாயம் 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சாலையில் யாரும் சாகக் கூடாது என்ற இலக்கை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றது. நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று சாலைப் பாதுகாப்பு பற்றிய 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டது. ஷிப்ட் மாறும் தொழிற்பேட்டைச் சாலை அப்படிக் கலந்து செல்லும் இடம்தான்.

பலகை வைத்தால் மட்டும் வேகம் குறையாது. ஐரோப்பாவில் லாரியின் அகலத்துக்கு வரம்பு 2.55 மீட்டர். 3.25 முதல் 3.5 மீட்டர் தடம் அதற்குப் போதும். பல தொழிற்பேட்டைகளில் தடங்கள் இதைவிட மிக அகலமாக இருக்கின்றன. ஆளில்லாத நேரத்தில் அந்த அகலம்தான் ஓட்டுநரின் காலை ஆக்ஸிலேட்டரில் அழுத்த வைக்கிறது. தடத்தை ஒடுக்கி, மிஞ்சிய இடத்தை நடைபாதைக்குக் கொடுத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பெரிய லாரி திரும்ப வேண்டுமே? சந்திப்பின் மூலையை எப்படிக் குறுக்குவது?

இதுதான் உண்மையிலேயே சிக்கலான கேள்வி. டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வருவதில்லை, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அதனால் மூலையைப் பெரிய வளைவாக வைக்கிறார்கள். விளைவு, நாளுக்குச் சில டிரெய்லர்களுக்காக வைத்த வளைவில் கார்களும் இருசக்கர வண்டிகளும் வேகம் குறையாமல் திரும்புகின்றன. நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் நீண்டுவிடுகிறது.

இதற்கு நல்ல தீர்வு உண்டு. கார் திரும்புவதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் மூலையைச் சிறியதாக வைத்து, அதற்கும் நடைபாதைக்கும் நடுவே லேசாக உயர்த்திச் சொரசொரப்பான கல் பாவிய ஒரு பட்டையை அமைப்பது. கார் ஓட்டுநர் அதில் ஏற விரும்ப மாட்டார், மெதுவாகத் திரும்புவார். டிரெய்லரின் பின்சக்கரம் மட்டும் அதன் மேல் ஏறி இறங்கிப் போகும். ஒன்றை மறக்கக் கூடாது: அந்தப் பட்டை நிற்பதற்கான இடம் இல்லை என்பது பார்த்ததும் தெரிய வேண்டும். நிறத்தை மாற்றி, அதற்குப் பின்னால் குட்டைத் தூண்களை நட்டு, நடப்பவர் காத்திருக்கும் இடத்தைத் தனியாகக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பாதுகாப்புக்காகச் செய்ததே ஆபத்தாகிவிடும்.

எல்லா மூலைக்கும் டிரெய்லர் போகவேண்டிய அவசியமும் இல்லை. எந்தெந்தச் சாலை கனரக வாகனங்களுக்கு என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி மூலைகளைச் சிறியதாக வைக்க முடியும்.

லாரி ஓட்டுநருக்கு நடப்பவர் தெரிய மாட்டாரா? உயரத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார்?

உயரம்தான் பிரச்சினையே. நின்றிருந்த ஒரு லாரியின் ஓட்டுநர் இருக்கையில் ஒருமுறை ஏறி உட்கார்ந்தேன். என்னோடு வந்தவர், சராசரி உயரமுள்ளவர், வண்டியின் முன்புறம் கண்ணாடிக்குக் கீழே ஒட்டினாற்போல் போய் நின்றார். எனக்கு அவர் தெரியவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கினார். விரல்நுனிகள் மட்டும் தெரிந்தன. பிறகு ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கக் கதவோரம் நடந்தார். அங்கேயும் கதவின் அடிப்பாகம் அவரை முழுவதும் விழுங்கிவிட்டது. இறங்கி வந்த பிறகும் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அத்தனை வருடமும் லாரி ஓட்டுநர் என்னைப் பார்த்துவிட்டார் என்ற நம்பிக்கையில்தான் குறுக்கே நடந்திருக்கிறேன்.

இதை ஓட்டுநரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. வண்டியின் வடிவமே அப்படி. லண்டன் நகரம் இதற்கென நேரடிப் பார்வைத் தரம் என்று ஒரு விதியை வைத்திருக்கிறது. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து எவ்வளவு நேரடியாகப் பார்க்க முடிகிறது என்பதை வைத்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2021 மார்ச்சிலிருந்து அது கட்டாயமாக்கப்பட்டது. 2024 அக்டோபரில் குறைந்தபட்சம் மூன்று நட்சத்திரம் என்று உயர்ந்தது. அதற்குக் குறைந்த வண்டிகள் கேமரா, உணர்கருவி போன்ற கூடுதல் பாதுகாப்புகளைப் பொருத்தியாக வேண்டும். ஒரு நகரம்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. ஒரு தொழிற்பேட்டையும் தன் வாயிலுக்குள் வரும் வண்டிகளுக்கு நிபந்தனை விதிக்கலாம். தொழிலாளர்களை லாரி இருக்கையில் ஒருமுறை உட்காரவைத்துக் காட்டும் நிகழ்ச்சியையும் நடத்தலாம். நூறு சுவரொட்டி சொல்லாததை அந்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும்.

கேட் வாசலில்தான் எங்களுக்கு அதிகப் பயம். அங்கே என்ன செய்யலாம்?

பயப்படுவது சரிதான். நடைபாதையை லாரி குறுக்கே வெட்டும் இடம் அது.

முதல் வேலை, கேட்டை உள்ளே தள்ளி வைப்பது. ஐரோப்பிய விதிப்படி டிரெய்லர் லாரியின் நீளம் 16.5 மீட்டர் வரை இருக்கலாம். சோதனைக்காக நிற்கும் லாரி முழுவதும் மதிலுக்கு உள்பக்கமாகவே நிற்க வேண்டுமானால் கேட் குறைந்தது 18 மீட்டராவது உள்ளே இருக்க வேண்டும். அப்படி இல்லாத இடங்களில் லாரியின் வால் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும், மக்கள் நடுச்சாலைக்கு இறங்கிச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

இரண்டாவது, கேட் வரும் இடத்தில் நடைபாதை அறுபடக் கூடாது. அதே உயரத்தில், அதே தளக்கல்லோடு தொடர வேண்டும். லாரிதான் ஏறி இறங்கிப் போக வேண்டும். அடியில் கனமான கான்கிரீட் போட்டால் எடையைத் தாங்கும். பாதை யாருடையது என்பதைத் தரையே சொல்லிவிடும்.

மூன்றாவது, ஆளுக்கு ஒரு கேட், லாரிக்கு ஒரு கேட். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஆள் மட்டும் நுழையும் சிறு கதவு ஒன்றைத் திறந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு இன்னொரு காவலாளி வேண்டுமே என்பார்கள். அடையாள அட்டையில் திறக்கும் சுழல்கதவு போதும்.

வாசலின் இரு ஓரங்களிலும் மதிலின் முனையைச் சாய்வாக வெட்டியோ, கம்பி வேலியாக மாற்றியோ விட்டால், வெளியே வரும் ஓட்டுநரும் நடந்து வருகிறவரும் ஒருவரையொருவர் முன்கூட்டியே பார்க்கலாம்.

சாலையைக் கடக்க வரிக்கோடு போட்டால் போதாதா?

இரண்டு தடச் சாலையில், வேகம் குறைந்திருந்தால் போதும். நான்கு தடச் சாலையில் வரிக்கோடு மட்டும் போடுவது ஆளை ஏமாற்றுவதற்குச் சமம். ஒரு லாரி மரியாதையாக நிற்கும். அதன் முன்னால் நடந்து போகிறவர், லாரியின் மறைவிலிருந்து அடுத்த தடத்தில் காலை வைப்பார். அந்தத் தடத்தில் வரும் காருக்கு அவர் தெரிந்திருக்க வழியே இல்லை. இப்படி நடக்கும் விபத்துகள் மிகக் கொடியவை. வண்டி நிற்க வேண்டிய கோட்டை, கடக்கும் இடத்திலிருந்து 6 முதல் 10 மீட்டர் தள்ளிப் போட்டால் அந்த மறைவு பெரிதும் குறையும்.

14 மீட்டர் சாலையைக் கடக்க, விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு ஏறக்குறைய 12 விநாடி ஆகும். பத்து மணி நேரம் நின்று வேலை செய்து களைத்தவர், கால் வலி உள்ளவர், கர்ப்பிணி எல்லோரும் அந்த வேகத்தில் நடப்பார்களா? விநாடிக்கு 0.8 மீட்டர் என்றால் 17 விநாடிக்கு மேல். நடுவில் 2 மீட்டர் அகலத்தில் ஒரு திட்டு இருந்தால் ஒரு பக்க வண்டிகளை மட்டும் பார்த்துப் பாதி கடந்து, மூச்சு வாங்கிவிட்டு, மீதியைக் கடக்கலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவரும் அதில் அடங்குவார்.

சிக்னல் வைத்தால் காத்திருக்கும் நேரத்தைக் குறைவாக வையுங்கள். 30 விநாடிக்கு மேல் போனால் பொறுமை கரையத் தொடங்கும். நேரத்துக்கு அட்டையைத் தேய்க்காவிட்டால் சம்பளம் வெட்டப்படும் என்ற நிலையில் இருப்பவர் இன்னும் சீக்கிரம் குறுக்கே ஓடுவார்.

நடைமேம்பாலம் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

பெரும்பாலான இடங்களில் தீராது. உயரமான லாரிகள் அடியில் போகவேண்டும் என்பதால் தளம் ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்தில் அமையும். 15 சென்டிமீட்டர் படி என்றால் ஏற 40 படி, இறங்க 40 படி. சக்கர நாற்காலிக்காக 12க்கு 1 என்ற சரிவில் சாய்தளம் கட்டினால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 72 மீட்டர், இளைப்பாறும் இடங்கள் தனி. ஏற 72, இறங்க 72, நடுவில் சாலை. 14 மீட்டரைக் கடக்க 150 மீட்டருக்கு மேல் நடக்கச் சொல்கிறோம். வேலை முடிந்து களைத்து வருகிறவர் அதில் ஏறாவிட்டால் அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. விரைவுச்சாலை, பல தண்டவாளங்கள் போன்ற இடங்களில் மட்டும் மேம்பாலத்துக்கு வேலை உண்டு.

பஸ் நிறுத்தம் கண்ணெதிரே தெரிகிறது, ஆனால் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது. ஏன்?

தொழிற்பேட்டை மனைகள் பெரியவை. 600 மீட்டர் மதில் சாதாரணம். சாதாரண நடையில் 400 மீட்டருக்கு 5 நிமிடம் ஆகும். மதிலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி நேர்வழியைப்போல நான்கைந்து மடங்காகிவிடும்.

இரண்டு மனைகளுக்கு நடுவே 3 அல்லது 4 மீட்டர் அகலத்தில் ஒரு நடைவழி விட்டால் போதும். புதிய பேட்டைகளில் மனை பிரிக்கும்போதே இதை எழுதிவைக்க வேண்டும், பிறகு நிலம் கிடைக்காது. பழைய பேட்டைகளில் வடிகால் ஓரம், மின்கம்பித் தடத்தின் அடி, கைவிடப்பட்ட ரயில் பாதை ஆகியவற்றைப் பாருங்கள். இந்த வழிகள் நேராகவும், ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியும்படியும், வெளிச்சத்தோடும் இருக்க வேண்டும். வளைந்து மறையும் சந்து இரவில் யாருக்கும் உதவாது.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு பயன் உண்டு. வாயுக் கசிவோ தீயோ ஏற்பட்டால் ஆட்கள் வெளியேற இந்த வழிகள்தான் கைகொடுக்கும். ஒரே சாலையில் தீயணைப்பு வண்டி உள்ளே வர, ஆயிரம் பேர் வெளியே ஓடும் நிலை எந்தப் பேட்டைக்கும் வரக் கூடாது.

இரவு ஷிப்டுக்கு வரும் பெண்கள் நடக்கவே தயங்குகிறார்கள். விளக்கு போட்டால் சரியாகிவிடுமா?

விளக்கு தேவை, ஆனால் எந்த விளக்கு என்பதுதான் கேள்வி. உயரமான கம்பத்தில் சாலையைப் பார்த்துத் தொங்கும் விளக்கு வண்டிகளுக்கானது. மரம் வளர்ந்துவிட்டால் நடைபாதை முழு நிழலில் கிடக்கும். நடைபாதைக்கென்று தாழ்வான கம்பங்களில் தனி விளக்கு வேண்டும். பிரகாசத்தைவிடச் சீரான வெளிச்சம் முக்கியம். இரண்டு பளிச்சிடும் வட்டங்களுக்கு நடுவே இருள் கிடந்தால், அந்த இருளில் யார் நிற்கிறார் என்று கண்ணுக்குத் தெரியாது. தொழிற்சாலை வளாகத்திலிருந்து வெளிப்பக்கம் பார்த்து எரியும் பெருவிளக்குகள் நடப்பவரின் கண்ணைக் கூசச் செய்கின்றன. அவற்றைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பினால் போதும், செலவே இல்லை.

அதற்கு மேல், யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நிம்மதி வேண்டும். காவலாளி அறையின் ஜன்னல் கேட்டை மட்டும் பார்க்காமல் சாலையையும் பார்க்கட்டும். தேநீர்க் கடையையும் உணவகத்தையும் மதிலுக்கு உள்ளே ஒளித்து வைக்காமல் பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில் திறந்தால் இரவில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்கும். பஸ் நேரமும் ஷிப்ட் முடியும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். இருட்டில் தனியாக 40 நிமிடம் நிற்கவைத்துவிட்டு விளக்குக் கம்பத்தைக் காட்டுவதில் பொருளில்லை.

வெயிலிலும் மழையிலும் யார் நடப்பார்கள்?

வழி இருந்தால் நடப்பார்கள். சிங்கப்பூர் 2013இல் தொடங்கிய திட்டத்தில், ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரையிட்ட நடைபாதைகளை அமைத்தது. மொத்தம் 200 கிலோமீட்டர். மழையிலும் வெயிலிலும் கடைசி ஐந்து நிமிட நடைதான் ஆளைப் பொதுப் போக்குவரத்திலிருந்து விரட்டுகிறது என்று புரிந்துகொண்டு செய்த வேலை அது. தொழிற்பேட்டைக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். பஸ் நிறுத்தத்திலிருந்து பெரிய கேட்கள் வரை கூரை, மற்ற இடங்களில் மரம். மரத்தின் அடிக்கிளைகளை 2.5 மீட்டருக்கு மேல் வைத்துக் கழித்துவிட்டால் லாரி ஓட்டுநரின் பார்வையையும் மறைக்காது.

தூசியிலும் புகையிலும் நடக்கச் சொல்வது சரியா?

அங்கே நடப்பவர்கள் ஏற்கெனவே அதைச் சுவாசிக்கிறார்கள். செய்ய வேண்டியது, நடைவழியைக் கனரகச் சாலையிலிருந்து முடிந்தவரை விலக்குவது, நிற்கும் லாரிகளின் எஞ்சினை அணைக்கச் செய்வது, மணலும் சிமென்டும் ஏற்றிய லாரிகளை மூடி அனுப்புவது. வளாகத்திலிருந்து வெளியேறும் இடத்தில் லாரிச் சக்கரங்களைக் கழுவும் தொட்டி வைத்தால் சாலையில் சேறு படியாது, அது காய்ந்து தூசியாகப் பறக்காது.

தண்டவாளம் குறுக்கே போகிறது. என்ன கவனிக்க வேண்டும்?

பாதை தண்டவாளத்தைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் சைக்கிள் சக்கரமும் சக்கர நாற்காலியின் முன்சக்கரமும் தண்டவாள இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

நடைபாதை போட்டோம், லாரிகள் அதன் மேல் நிற்கின்றன. அபராதம் போடலாமா?

போடலாம். ஆனால் ஓட்டுநருக்கு நிற்க வேறு இடம் கொடுத்துவிட்டுப் போடுங்கள். காலை 6 மணிக்கு வந்தவரைப் பகல் 2 மணிக்கு உள்ளே அழைத்தால் அவர் எங்கே போவார்? கழிப்பறை, குடிநீர், நிழலோடு ஒரு லாரி நிறுத்துமிடமும், எந்த வண்டி எப்போது வரவேண்டும் என்ற நேர ஒதுக்கீடும் இருந்தால் சாலையோர வரிசை தானாகவே குறையும். ஷிப்ட் மாறும் அரைமணி நேரத்தில் லாரிகளை உள்ளே விடுவதில்லை என்று பேட்டை முழுவதும் ஒரே முடிவாக எடுத்தால் அதுவே பெரிய பாதுகாப்பு.

நடப்பதற்கு வசதி செய்தால் இடம் அழகாகி, வாடகை ஏறி, கடைசியில் தொழிற்சாலைகளே வெளியேற வேண்டி வராதா?

இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். பார்சிலோனாவின் பழைய தொழிற்பகுதியான போப்லநோவில், ஏறக்குறைய 200 ஹெக்டேரை அறிவுசார் தொழில்களுக்காக மாற்றும் திட்டம் 2000இல் ஏற்கப்பட்டது. பழைய பட்டறைகள் பல இடத்தைக் காலி செய்தன. ஆனால் அங்கே தொழிலை வெளியேற்றியது நடைபாதை இல்லை, நிலத்தின் பயன்பாட்டு விதியை மாற்றியதுதான். விதியைக் காப்பாற்றினால் தொழில் நிற்கும். சிகாகோ நகரம் 1988இல் உற்பத்திக்கென்றே பாதுகாக்கப்பட்ட மாவட்டங்களை உருவாக்கத் தொடங்கியது அதற்காகத்தான்.

நடப்பவரும் கனரகத் தொழிலும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு வான்கூவரின் கிரான்வில் தீவைப் பாருங்கள். 1979இல் அங்கே பொதுச் சந்தை திறக்கப்பட்டது. கூட்டம் கூட்டமாக மக்கள் நடக்கிறார்கள். அதே தீவில் கான்கிரீட் ஆலையும் தொடர்ந்து இயங்குகிறது. நடைபாதை, சாலை என்ற உயர வேறுபாடு பெரும்பாலும் இல்லாத தெருக்களில் கான்கிரீட் லாரிகள் ஆளின் நடைவேகத்துக்கு இறங்கி ஊர்ந்து போகின்றன. ஆலையின் குதிர்களில் 2014இல் பெரிய மனித உருவங்களை ஓவியமாகத் தீட்டினார்கள். எல்லாப் பேட்டைக்கும் இந்த வடிவம் பொருந்தாது. நாளுக்கு ஆயிரம் டிரெய்லர் போகும் சாலையில் தனி நடைபாதைதான் வேண்டும். ஆனால் லாரியும் மனிதரும் ஒரே இடத்தில் இருக்கவே முடியாது என்று இனிச் சொல்ல முடியாது.

இதெல்லாம் யார் பொறுப்பு? சாலை அரசுடையது, கேட் எங்களுடையது.

இந்தப் பிளவில்தான் நடப்பவர் விழுகிறார். மதிலுக்கு உள்ளே பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார், தலைக்கவசம் இருக்கிறது, மஞ்சள் கோடு இருக்கிறது. மதிலுக்கு வெளியே ஓர் அடி வைத்ததும் எதுவும் இல்லை. ஆனால் அதே தொழிலாளி, அதே வேலைக்காகத்தான் நடக்கிறார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு 121ஆம் உடன்படிக்கை, தொழில்சார் விபத்து எது என்று வரையறுக்கும்போது, வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்து எந்த நிலைகளில் அதில் சேரும் என்பதையும் உறுப்பு நாடுகள் வகுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பார்வையை நிர்வாகங்கள் ஏற்க வேண்டும்.

நடைமுறையில், பேட்டையின் தொழிற்சாலைகள், தொழிலாளர் பிரதிநிதிகள், சாலைத் துறை, போக்குவரத்துக் கழகம், காவல்துறை ஆகியோர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்தால் நிறைய நகரும். நடந்து வருகிறவர்களில் இருவராவது அந்த மேசையில் இருக்க வேண்டும்.

கையில் பணம் அதிகம் இல்லை. முதலில் எதைச் செய்வது?

பூட்டிக் கிடக்கும் சிறு கேட்டைத் திறப்பது. பாதையை மறைக்கும் புதரை வெட்டுவது. வடிகாலின் உடைந்த மூடியை மாற்றுவது. சாலையோரத்தில் ஒரு தடத்தை வண்ணக்கோட்டாலும் நகர்த்தக்கூடிய கான்கிரீட் கட்டைகளாலும் பிரித்து, ஆறு மாதம் நடைபாதையாக விட்டுப் பார்ப்பது. லாரி திரும்ப முடியவில்லை என்றால் கட்டையை நகர்த்திக்கொள்ளலாம், அளவு தெரிந்த பிறகு நிரந்தரமாகக் கட்டலாம். முழுப்பேட்டைக்கும் அரைகுறையாகச் செய்வதைவிட, பஸ் நிறுத்தத்திலிருந்து அதிக ஆள் போகும் ஒரே ஒரு கேட் வரை முழுமையாகச் செய்துவிடுங்கள். நடுவில் 20 மீட்டர் அறுந்திருந்தாலும் அது பாதையாகாது.

செய்த வேலை பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விபத்து எண்ணிக்கையை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள், சிறு பேட்டையில் அது வருடக்கணக்கில் எதையும் காட்டாமல் இருக்கலாம். வண்டிகளின் வேகத்தை அளந்து பாருங்கள். சாலையில் இறங்கி நடப்பவர்கள் எத்தனை பேர், கடக்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அதே ஷிப்ட் நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். மயிரிழையில் தப்பியவற்றைத் தொழிலாளர்கள் சொல்ல ஒரு வழி வையுங்கள்.

பிறகு அந்தப் பழைய ஒற்றையடிப் பாதைக்குப் போய்ப் பாருங்கள். புல் மறுபடி முளைத்திருந்தால் மக்கள் புதிய பாதைக்கு மாறிவிட்டார்கள் என்று பொருள். மண் இன்னும் இறுகிப் பளபளத்தால், நாம் பாதையைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறோம். திரும்பவும் ஒரு ஷிப்ட் நேரத்தில் அவர்களோடு நடக்க வேண்டும்.